கைக்குத் திரும்ப வேண்டிய ஸ்பரிசம்

(தெல்தெனியவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையை இந்தச் சபையில் பார்த்திராதவர் எவரும் இரார். ரங்கலைப் பக்கத்து மலைச்சரிவிலே, கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கிக்கொண்டு, அடுத்த நிரையில் நிற்பவளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிக் கிள்ளிக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசுகின்ற அவளுக்கு, எது இளசு எது முற்றல் என்று அறிவிப்பதில் கண்ணுக்கு உள்ள பங்கைக் காட்டிலும் விரலுக்கு உள்ள பங்கு பெரிது. இளந்தண்டு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சட்டென்று ஒடிகிறது. முற்றிய தண்டு வளைந்து நாராக இழுபடுகிறது. அந்த வித்தியாசத்தை விரல் அறிந்த கணத்திலேயே கை அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. அத்தகைய கை ஒருநாள் பாரிசவாதத்தால் மடிமேல் செயலற்றுக் கிடக்குமானால், அந்தக் குடும்பம் இழப்பது நாட்சம்பளத்தை மட்டுமா? தலை வாருவதும், குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதும், சேலைத் தலைப்பைச் செருகுவதும் அந்தக் கையோடு போய்விடுகின்றன. அப்படிப்பட்ட கையை மீட்பதற்கு, மெய்நிகர் காட்சி என்று இன்று சொல்லப்படுகின்ற, கணினி கண்முன்னே தோற்றுவிக்கும் உலகமும், தொட்ட உணர்ச்சியை விரலுக்குத் திருப்பிக் கொடுக்கும் கருவிகளும் எவ்வளவு தூரம் பிரயோசனப்படும் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரல்களை மடக்கி இறுக்குகின்ற பெருந்தசைகள் முன்னங்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் உள்ள தோலில் ஏறக்குறைய 17,000 நரம்பு முனைகள் தொடுகையை ஏற்று மூளைக்கு அறிவிக்கின்றன என்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் 1979இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவற்றுள் ஒரு வகை நிலைத்த அழுத்தத்தை உணரும்; ஒரு வகை பொருள் நழுவத் தொடங்குவதை உணரும்; ஒரு வகை தோல் இழுபடுவதை உணரும்; மற்றொரு வகையோ, விநாடிக்கு இருநூறு முந்நூறு முறை நிகழும் நுண்ணிய அதிர்வையும் தவறவிடாது. கையில் பிடித்த தேநீர்க் கோப்பை சற்றே வழுக்கும்போது, வழுக்குகிறது என்று மனம் எண்ணுவதற்கு முன்னமே விரல்கள் இறுகிவிடுகின்றன அல்லவா? அது இவற்றின் உபகாரம். ஆகவே அசைவு ஒன்று, உணர்வு வேறொன்று என்று பிரித்துப் பார்ப்பது கையின் விஷயத்தில் பொருந்தாது. அசைவை மட்டும் மீட்டுக் கொடுத்து உணர்வைக் கைவிடுகின்ற சிகிச்சை பாதிச் சிகிச்சையே என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த உண்மையை உலகத்துக்கு உணர்த்திய பெரும் பணிகள் சில நமக்குத் தூரமான தேசங்களில் நிகழவில்லை. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், வேலூரிலே நிகழ்ந்தன.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை பயின்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் போல் பிராண்ட். மறு வருஷம் அவர் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றபோது, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, உன்னால் இயன்றமட்டும் இறுக்கிப் பார் என்றார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்திருந்த அந்தக் கை, டாக்டருக்கு வலி எடுக்கும்படி இறுக்கியது. அப்படியானால் தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை. சில நரம்புகள் பழுதுபட்டுச் சில தசைகள் ஓய்ந்துபோக, மற்றவை முழுப் பலத்தோடு இருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். பலமுள்ள தசையின் நாணைக் கழற்றி, பலமிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றிக் கட்டுகின்ற சத்திரசிகிச்சையைத் தொழுநோயாளிகளின் கைகளில் 1948 முதல் அவரும் அவரது சகாக்களும் செய்யத் தொடங்கினார்கள்.

கத்தி செய்யும் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. கையின் கல்வியோ அங்கேதான் ஆரம்பமாகிறது. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் ஒன்றைப் பெருவிரலுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டு அவிழ்த்த பிறகு, பெருவிரலை அசைக்க வேண்டுமானால் நோயாளி மோதிர விரலை மடக்குவதாக எண்ண வேண்டும்; எண்ணியதும் பெருவிரல் அசையும்; அந்த விபரீதம் பழகிப் பழகி, மோதிர விரலை மறந்து பெருவிரலையே எண்ணும் நிலைக்கு மூளை வந்து சேரவேண்டும். உணர்ச்சியுள்ள கைக்கே இது கடினம். உணர்ச்சி அற்ற கைக்கோ, தான் அசைந்ததா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணைக் கொண்டு கையைப் பழக்கும் அப்பியாசத்தைப் பொறுமையோடு நடத்திய வேலூர் இயன்மருத்துவர்களை, இன்றைய மெய்நிகர் சிகிச்சைக்கு முன்னோடிகள் என்று சொல்வது மிகையாகாது. 1951இல் அங்கே தோன்றிய நவஜீவ நிலையத்திலே, சத்திரசிகிச்சை பெற்றவர்கள் தச்சு வேலை செய்து கையைப் பழக்கிக்கொண்டார்கள்.

அங்கேதான் உணர்ச்சியின்மையின் கொடுமையும் முழுதாக வெளிப்பட்டது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் டாக்டர் பிராண்ட் திணறிக்கொண்டிருக்க, உடலில் வலுவே இல்லாத ஒரு சிறுவன் ஓடிவந்து சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையைப் பிடித்துப் பார்த்தால், சுட்டுவிரலில் தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிகிறது; இரத்தம் வழிகிறது; அவனோ அதை அறியாமல் நிற்கிறான். விரல்கள் அழுகி விழுவது நோயின் நேரான செயல் என்று காலங்காலமாக உலகம் நம்பிவந்ததற்கு மாறாக, வலி அறியாத கை அன்றாடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதே அதற்குக் காரணம் என்பதை வேலூரில் அவர்கள் நிரூபித்தார்கள். கருவிகளின் பிடியைப் பருமனாக்கி மிருதுவாகச் சுற்றிக் கொடுத்ததும், இராத்திரி படுக்குமுன் ஒவ்வொருவரும் தம் கைகளைச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் அதன் விளைவுகள்.

இந்த வரலாற்றில், நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய அத்தியாயம் இனித்தான் வருகிறது. 1966இல் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்ற டாக்டர் பிராண்ட், அங்கே பொறியியலாளரின் துணையோடு, இழந்த வலியுணர்வை யந்திரத்தால் ஈடுசெய்ய முயன்றார். கையுறையின் விரல்நுனிகளில் அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிகளைப் பதித்து, அளவுக்கு மீறி அழுத்தினால் காதில் ஓசை எழும்படி செய்தார்கள். நோயாளிகள் ஓசையைக் கேட்டார்கள். கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. ஓசை பயன்படாமற் போகவே, உணர்ச்சி மிஞ்சியிருந்த அக்குளில் மெய்யாகவே நோகும்படி மின்சாரத் தாக்குதலை வைத்தார்கள். அப்போதும், முடுக்கிய ஆணியைக் கழற்றவேண்டும் என்று தோன்றிவிட்டால், மனிதர் கருவியை நிறுத்திவிட்டு ஆணியைக் கழற்றினார்கள். பெரும் பொருளும் பல வருஷ உழைப்பும் செலவிட்ட பின்னர் அந்த முயற்சி கைவிடப்பட்டது. தொடுவுணர்வைத் திருப்பித் தரும் கருவி செய்ய முற்படுகின்ற ஒவ்வொரு பொறியியல் மாணவனும் இந்தத் தோல்வியைப் படித்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. விரலில் நிகழ்வதைக் காதுக்கோ அக்குளுக்கோ அறிவித்தால், அது செய்தியாகத்தான் போய்ச் சேருகிறது. தன்னுடைய விரலில், தான் அசைத்த அதே கணத்தில் நிகழ்ந்தால்தான் மனிதன் அதைத் தன் அனுபவமாக ஏற்கிறான்.

வேலூரைப் பற்றிப் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை நினையாமல் அப்பால் செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1954இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அந்த அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் புனர்வாழ்வு வைத்தியத்தைத் தனிச் சாஸ்திரமாகக் கற்று வந்து, 1966இல் வேலூரில் அதற்கென்று ஒரு நிலையம் திறக்கப்படுவதற்கு மூலகாரணமாக இருந்தார்.

இனி, கண்ணைக் கொண்டு மூளையைப் பழக்கும் மற்றொரு வழியாக, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். இராமச்சந்திரன் அவர்களின் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்போம். கை துண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், இல்லாத கை இன்னமும் இருப்பதாக உணர்கிறார்கள். சிலருக்கு அந்த மாயக்கை முறுக்கிய நிலையில் உறைந்து நின்று பொறுக்க முடியாத வேதனை தருகிறது. அவர்களுள் சிலருடைய கன்னத்தைத் தொட்டால், மாயக்கையின் விரலைத் தொட்டதுபோல் உணர்கிறார்கள் என்று அவர் கண்டார். மூளையில் கைக்கு உரிய இடமும் முகத்துக்கு உரிய இடமும் அடுத்தடுத்து இருப்பதே இதற்குக் காரணம் என்றார். இந்த ஊரார்க்கு இதை விளங்கச் சொல்வது எளிது. 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்காக நீர் தேக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய பட்டணம் நீருக்குள் போயிற்று. ஆனாலும், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, எந்தச் சந்தியில் திரும்பினால் யார் வீடு என்று, அங்கே வாழ்ந்த பெரியவர்களால் இன்றும் தடுமாறாமல் சொல்ல முடிகிறது. அவ்வாறே கை போனபின்னும் கையின் வரைபடம் மூளையிலே நிற்கிறது.

அந்த வரைபடத்தோடு பேசுவதற்கு அவர் செய்த கருவி மிகச் சாமானியமானது. மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப்பெட்டி, அதன் நடுவே நிமிர்த்தி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடியின் முன்புறம் வைத்து, மாயக்கையை மறுபுறம் வைத்ததாகப் பாவித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் ஒருமிக்க அசைக்க முயலவேண்டும். பிரதிபிம்பத்தைக் கண்ட நோயாளிக்கு, பல வருஷம் உறைந்து நின்ற மாயக்கை அசைவதாகத் தோன்றிற்று. கண்ணை மூடச் சொன்னால் மறுபடி உறைந்துபோயிற்று. 1996இல் வெளியான ஆய்வுரையில் அந்த அட்டைப்பெட்டிக்கு மெய்நிகர்ப் பெட்டி என்றே பெயரிட்டிருந்தார்கள். 1999இல் அதே உபாயம் பாரிசவாதத்தால் கை தளர்ந்த ஒன்பது பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. அதன் பின்னர் உலகெங்கும் பரவிற்று.

கண்ணாடி கண்ணை ஏமாற்றி வழி திறக்கிறது. ஸ்பரிசமும் கண்ணோடு சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 1998இல் அமெரிக்காவில் இருவர் காட்டினார்கள். ஒருவருடைய கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அவர் கண்முன்னே ரப்பரால் செய்த கை ஒன்றை வைத்து, இரண்டையும் தூரிகையால் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் வருடினால், சில நிமிஷங்களில் ரப்பர் கையே தம் கை என்று அவர் உணரத் தொடங்குகிறார். வருடுவது முன்பின்னாகத் தவறினால் அந்த உணர்ச்சி மங்கிவிடுகிறது. மெய்நிகர் சிகிச்சையின் தத்துவம் முழுவதும் இந்த ஒத்திசைவில் அடங்கியிருக்கிறது. கண்ணுக்கு விநாடிக்கு நூற்றுக்கும் குறைவான படங்களைக் காட்டினாலே காட்சி தொடர்ச்சியாகத் தோன்றும். கடினமான பொருளைத் தொட்ட உணர்ச்சியைக் கைக்கு ஊட்டவேண்டுமானால், கருவி விநாடிக்கு ஆயிரம் முறையளவில் தன் விசையைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். கண்ணை ஏமாற்றுவதைக் காட்டிலும் கையை ஏமாற்றுவது கடினம்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த கையுறையில், உள்ளங்கையில் பொருத்திய சிறிய காற்றழுத்தக் குழாய்கள் விரல்நுனிகளைப் பின்னோக்கித் தள்ளும். பாரிசவாத நோயாளி திரையிலுள்ள காட்சியைப் பார்த்து விரலை மடக்குவார். மடக்கும் விரலுக்கு யந்திரம் அளவான எதிர்ப்பைக் கொடுக்கும். எவ்வளவு மடங்கிற்று, எவ்வளவு வேகத்தில் மடங்கிற்று, ஒரு விரல் மற்றொன்றைச் சாராமல் தனித்து அசைந்ததா என்பதெல்லாம் கணினியில் பதியும். நேற்றைக்கு இன்று அணுவளவேனும் முன்னேற்றம் இருந்தால் அதை எண்ணாகக் கண்ணெதிரே காட்டுவது, மாதக்கணக்காக ஒரே அப்பியாசத்தைச் செய்து மனம் சலித்தவர்க்கு எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதை, அத்தகைய ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்கள் அறிவார்கள்.

ஆயினும் இந்தக் கருவிகள் வந்துவிட்டதாலேயே கைகள் எழுந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உலகப் பரிசோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு (செங்கல்பட்டு டாக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 2017இல் 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளின் விவரங்களோடு பரிசீலித்து, வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர் சிகிச்சையைக் கொடுத்தால் கைக்கு விசேஷ நன்மை தெரியவில்லை என்றும், வழக்கமான சிகிச்சையோடு கூட்டிக் கொடுத்து அப்பியாச நேரத்தை அதிகப்படுத்தினால் நன்மை உண்டாகக்கூடும் என்றும் தெரிவித்தது. மறு வருஷம் 62 ஆய்வுகளைப் பரிசீலித்து, சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு செய்யும் சிகிச்சையால் கையின் இயக்கம் மேம்படுகிறது என்பதற்கு மிதமான உறுதியுள்ள சாட்சியம் இருக்கிறது என்றது. இவற்றோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வட அமெரிக்க நிலையங்களில் பாரிசவாத நோயாளியின் கைக்கு நடக்கும் சிகிச்சையை உடனிருந்து எண்ணிப் பார்த்தவர்கள், ஒரு வேளைச் சிகிச்சையில் பயன்தரும் செயலைக் கை சராசரியாக 32 முறை மட்டுமே செய்கிறது என்று 2009இல் எழுதினார்கள். மூளையின் வரைபடம் மாறுவதற்கு, விலங்குகளில் நடந்த பரிசோதனைகளில் தினமும் நூற்றுக்கணக்கான தடவை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே குறை கருவியின் அழகில் இல்லை. தடவைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. முப்பத்திரண்டை முந்நூறாக்க உதவுகின்ற எந்தக் கருவியும் நல்ல கருவி. அதற்கு உதவாத கருவி எத்தனை இலட்சம் பெறுமதியானாலும் காட்சிப் பொருளே.

இந்த நோக்கத்தை நன்கு உணர்ந்து செய்யப்பட்டதாக நான் கருதுவது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் கூடிச் செய்த புளூட்டோ என்னும் சிறு யந்திரம். அதன் அமைப்பும் முதற் பரிசோதனையும் 2021இல் வெளியாயின. மேசைமேல் வைக்கத்தக்க அந்தக் கருவியில் உள்ளது ஒரே ஒரு மோட்டர். மணிக்கட்டை மடக்கி நீட்டவும், பக்கவாட்டில் அசைக்கவும், முன்னங்கையைத் திருப்பவும், கையை விரித்து மூடவும் வெவ்வேறு கைப்பிடிகளைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். நோயாளி தாமாக அசைக்கும் அளவுக்கு விட்டு, இயலாத அளவுக்கு மட்டும் யந்திரம் கைகொடுக்கிறது; அசைவு திரையில் ஒரு விளையாட்டாக நடக்கிறது. தலையில் மாட்டும் ஆடம்பரக் கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. பலரும் அடுத்தடுத்து உபயோகிக்கக்கூடியதாக, விலை குறைந்ததாக, இடம் அடைக்காததாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு, நம்மைப் போன்ற தேசத்தில் உள்ளவர்கள் நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்தது அது.

தூரத்தையும் இந்த வித்தை ஓரளவு வெல்லக்கூடும். 2002ஆம் வருஷம் அக்டோபர் மாதம், மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மண்டயம் ஸ்ரீநிவாசன் அவர்களுடைய ஆய்வுகூடத்தில் ஒருவரும், லண்டனில் ஒருவருமாக இருந்துகொண்டு, திரையில் தெரிந்த ஒரு பெட்டியை இருவரும் இரு பக்கமும் பற்றிச் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் அழுத்தியதை அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் மற்றவர் கையில் உணர்ந்தார். அது நடைமுறைச் சிகிச்சையாக நம்மிடம் வந்து சேர நாளாகலாம். ஆனால் கண்டியிலிருக்கும் இயன்மருத்துவர், தோட்டத்து லயத்தில் இருக்கும் நோயாளி இன்று எத்தனை தடவை கையை விரித்தார் என்பதைக் கைத்தொலைபேசியில் பார்த்து, நாளைக்கு இன்னும் இவ்வளவு செய்யுங்கள் என்று சொல்வதற்குச் சமுத்திரம் கடக்கும் கருவி வேண்டாம்.

திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பயிற்றுவிக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு அவை பெரும் பாக்கியம். என்றாலும், நடக்கத் தள்ளாடும் ஒருவரை மலைத்தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு வீட்டில் ஒருவர் அன்றைய வேலையை இழக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வந்துபோவதே பெரும்பாடு. மற்ற ஆறு நாளும் அந்தக் கை வீட்டிலே என்ன செய்கிறது என்பதில்தான் பலன் அடங்கியிருக்கிறது. ஆதலால், நூதனக் கருவிகள் வரும்போது வரட்டும்; அதுவரையில் செய்யக்கூடிய ஒன்றை இந்தச் சபையிலுள்ள தச்சுத் தொழில் தெரிந்தவர்களிடமும், சனசமூக நிலையத்தாரிடமும் கேட்கிறேன். கை முழுவதும் தெரியும்படி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவான கண்ணாடி. விளிம்பு கிழிக்காதபடி மரச்சட்டம். சரியாமல் நிற்க அடிப்பலகை. இவ்வளவும் ஒரு நாள் வேலை. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு பாரிசவாத நோயாளியும் இதைத் தம்மோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

கண்ணாடி அப்பியாசத்தை இயன்மருத்துவர் ஒருமுறை நேரில் காட்டிக்கொடுத்த பின்னரே தொடங்குங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நல்ல கையில் மோதிரம் இருந்தால் பிரதிபிம்பத்தைத் தன் கை என்று மனம் ஏற்காது. தினம் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், குறைந்தது நாலு வாரம்: கையை விரித்து மூடுதல், மணிக்கட்டைத் திருப்புதல், பெருவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுதல். கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் தளர்ந்த கையையும் பக்கத்தில் இருப்பவர், கண்ணாடியில் தெரியும் கை ஒரு துணியைத் தொடும் அதே கணத்தில், அதே துணியால் மெல்லத் தொட்டுக்கொடுக்கலாம். சாக்கு, பஞ்சு, பட்டு என்று துணியை மாற்றி மாற்றிப் பழக்கலாம். உணர்ச்சி குன்றிய கை சூட்டையும் அழுத்தத்தையும் அறியாதாகையால், அப்பியாசம் முடிந்ததும் விரலிடுக்கு முதல் மணிக்கட்டு வரை எங்கேனும் சிவந்திருக்கிறதா, கன்றியிருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மாறாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது அந்த இடத்தை மறவாமல் காட்டுங்கள்.